மேடையை விட்டு இறங்குங்கள்: ஜப்பானிய விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஜப்பானிய மொழி மன்றத்தின் விழாக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன விழாவில் கலையரங்கத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் தூரிகையால் பெயர் எழுதிக் கொடுத்த அக்கா நான்தான். மைக்கில் என்னை ‘சென்செய்’ என்று அறிவித்தீர்கள். நான் யாருக்கும் ஆசிரியை இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிய மேலாளர் கோபமாகச் சொல்வதைத் தமிழில் பக்குவமாகச் சொல்வதும், நம் ஆட்கள் கோபமாகச் சொல்வதை ஜப்பானிய மொழியில் இன்னும் பக்குவமாகச் சொல்வதும்தான் என் பிழைப்பு. மூன்று வருடமாக உங்கள் விழாவுக்கு வருகிறேன். இந்த முறையும் அழைத்திருக்கிறீர்கள். கண்டிப்பாக வருவேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். வாட்ஸப் குழுவில் போட்டால் கும்பிடு ஸ்டிக்கர் ஒன்று வரும், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் மடல். திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், இப்போது பல வளாகங்களில் இப்படி விழா நடக்கிறது, எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

விழா நன்றாக இருந்ததா என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் தூங்காமல் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். காகிதக் கொக்குகளை நூலில் கோத்துக் கட்டியபோது இரவு பதினொரு மணிக்கு எனக்கே போன் செய்து ‘அக்கா, கொக்கின் தலை எந்தப் பக்கம் மடங்கும்’ என்று கேட்டவர்கள் நீங்கள். குறை உழைப்பில் இல்லை.

மாலை ஆறரை மணி. மேடையில் பொன் ஒதோரி என்ற ஜப்பானிய ஆட்டம். (தமிழில் எழுதினால் தங்கத்துக்கு ஆடும் ஆட்டம் மாதிரி இருக்கிறது. ‘பஸ்’ஸில் வரும் ப என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பின்னால் பெரிய எல்.இ.டி. திரையில் செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. எட்டுப் பெண்கள், ஒரே நீல யுகாதா (கோடைக்கால மெல்லிய கிமோனோ), ஒரே மாதிரி கொண்டை. ஒருவர் கை கூடத் தப்பவில்லை. அரங்கம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, பாதிப்பேர் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இங்கே வேலையில் இருக்கும் மகனைப் பார்க்க வந்தவர். பாட்டு தொடங்கியதும் அவருடைய கைகளைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த கைப்பைக்கு மேலே, யாருக்கும் தெரியாத மாதிரி, இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் இரண்டு முறை தோண்டுவது, இடப்பக்கம் இரண்டு முறை தோண்டுவது, தோளுக்கு மேல் வீசுவது. நாற்காலிக்கு அடியில் செருப்புக் கால் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “நாம் எப்போது எழுந்து போகலாம்?”

வெளியே போகத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வாசல் அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். அவர் மேடையைக் காட்டினார். நாம் எப்போது போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. கைதட்டினோம். அடுத்தது வினாடி வினா என்று அறிவிப்பு வந்தது. அவரும் கைதட்டினார், ரொம்ப மரியாதையாக.

அந்தக் கேள்விதான் இந்த மடல்.

பொன் ஒதோரி பார்ப்பதற்கான ஆட்டம் இல்லை. ஜப்பானில் ஆகஸ்ட் நடுவில், பெரும்பாலான ஊர்களில் 13 முதல் 16 வரை, இறந்துபோன முன்னோர் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். நம் ஆடி அமாவாசையையும் மகாளய பட்சத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்கு ஒபொன் என்று பெயர். அந்தப் பெயரே உல்லம்பனா என்ற புத்த சூத்திரத்தின் வழியாக வந்தது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசித்த ஆவியாக அலைந்த தன் தாய்க்காகத் துறவிகளுக்குத் தானம் கொடுத்தார். தாய் விடுபட்டதைக் கண்டு மகிழ்ச்சியில் ஆடினார். அதுதான் இந்த ஆட்டத்தின் தொடக்கம் என்று கதை. வீட்டில் ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் குச்சியால் நான்கு கால் வைத்து நிறுத்துவார்கள். வெள்ளரி குதிரை, கத்தரி மாடு. வரும்போது குதிரையில் சீக்கிரம் வாருங்கள், திரும்பும்போது மாட்டின் மேல் மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். முதல் முறை ஒரு வீட்டில் இதைப் பார்த்தபோது, இலை போட்டுக் காக்கைக்குக் காத்திருக்கும் என் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

அந்த நாட்களில் மைதானத்தின் நடுவில் யகுரா என்று ஒரு மரப்பரண் கட்டி, மேலே தைக்கோ என்ற பெரிய முரசை வைத்து அடிப்பார்கள். அதைச் சுற்றி ஊரே வட்டமாக ஆடும். குழந்தை, கிழவி, அன்றைக்கு ரயிலில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர், எல்லோரும். நன்றாகத் தெரிந்தவர்கள் உள்வட்டத்தில் இருப்பார்கள். தெரியாதவர்கள் வெளிவட்டத்தில் நின்று முன்னால் போகிறவரைப் பார்த்து ஆடிக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். பதினைந்து இருபது அசைவுகள்தான். பாட்டு முடிவதற்குள் அதே அசைவு பலமுறை திரும்பி வரும். மூன்றாவது சுற்றில் யாருக்கும் வந்துவிடும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்கோ புஷி. ஃபுகுவோகா மாவட்டத்தில் தகாவா என்ற சுரங்க ஊரில், தோண்டி வந்த நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எடுத்த பெண்கள் வேலை அலுப்புத் தெரியாமலிருக்கப் பாடிய பாட்டிலிருந்து வந்தது. நம் நடவுப் பாட்டு மாதிரி. மீகே சுரங்கத்துக்கு மேலே நிலா வந்திருக்கிறது, புகைபோக்கி அவ்வளவு உயரமாக இருக்கிறதே, நிலாவுக்குக் கண் எரியுமே என்று போகும். அதனால்தான் தோண்டுவது, தோளில் போடுவது, கையை நெற்றியில் வைத்து நிலாவைப் பார்ப்பது, வண்டியைத் தள்ளுவது என்று அசைவுகள். மீகே சுரங்கத்தை 1997இல் மூடிவிட்டார்கள். பாட்டு மட்டும் எல்லா ஊர் மைதானத்திலும் இன்னும் நிலக்கரி அள்ளிக்கொண்டிருக்கிறது. உங்கள் குழுவில் நெய்வேலித் தம்பி ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, ‘அக்கா, இதைத் திரையில் போட்டிருக்கலாமே, எதற்கு செர்ரிப் பூ’ என்று கேட்டார். நல்ல கேள்வி.

தொகுஷிமா ஊரில் ஆகஸ்டில் ஆடும் அவா ஒதோரியில் ஒரு பல்லவி உண்டு. ஆடுகிறவனும் முட்டாள், பார்க்கிறவனும் முட்டாள். இரண்டுமே முட்டாள் என்றால் ஆடாமல் போவது நஷ்டம் என்று. தன் விழாவைப் பற்றி ஜப்பானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. நாமோ எட்டு முட்டாள்களை மேடையில் ஏற்றிவிட்டு மற்ற அத்தனை பேரும் நஷ்டப்பட்டோம்.

சரி, என்ன செய்யலாம்? நூலகத்துக்கு எதிரே இருக்கும் புல்தரை போதும். நடுவில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு ஒரு ஸ்பீக்கர் வையுங்கள். அதுதான் யகுரா. தைக்கோ வாடகைக்குத் தேடி அலையவேண்டாம். அந்த எட்டுப் பெண்களும் உள்வட்டத்தில் ஆடட்டும், அவர்கள் பயிற்சி வீணாகாது. சுற்றி யார் வேண்டுமானாலும் வரட்டும். யுகாதா தேவையில்லை, சுடிதாரும் வேட்டியும் போதும். நம் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், யாரும் முன்னால் வரமாட்டார்கள் என்று ஒரு தங்கை சொன்னார். முதல் பத்து நிமிடம் வரமாட்டார்கள்தான். கும்மியில் மட்டும் முதலில் எல்லோரும் ஓடியா வருகிறார்கள்? இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டால் அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். அந்த இரண்டு பேரில் ஒருவராக நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் ஆட்டத்தைப் பிப்ரவரியில் ஆடினால் ஜப்பானியர் சிரிக்க மாட்டார்களா என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். சிரிக்க மாட்டார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போனவர்கள் கொண்டுபோன இந்த ஆட்டம், அங்கே ஒரு கோவில் மாற்றி ஒரு கோவில் என்று கோடை முழுவதும் நடக்கிறது. மலேசியாவில் 1977 முதல் நடத்துகிறார்கள். ஷா ஆலமில் நடக்கும்போது ஆயிரக்கணக்கில் கூட்டம், மலாய்க்காரர், சீனர், நம் தமிழர் எல்லோரும் வட்டத்தில் இருப்பார்கள். மாதம் தப்பினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வட்டம் இல்லாமல் போனால்தான் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

இதைச் சொன்ன கையோடு யுகாதாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கும் கடையில் யுகாதா உடுத்திவிட ஒரு பெரிய வரிசை நின்றதல்லவா, அதில் கட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் வலது மடிப்பு மேலே, இடது உள்ளே. யுகாதா, கிமோனோ எதுவானாலும், ஆணோ பெண்ணோ, இடது மடிப்புதான் மேலே வரவேண்டும். கி.பி. 719இல் அரசாணையாகவே வந்த வழக்கம் இது. வலது மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும்போது மட்டும். அன்றைக்கு வரிசையாக நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும், ஜப்பானியக் கண்ணுக்குப் பாடைக்குத் தயாரானவர்கள்.

எப்படி நடந்தது என்று விசாரித்தேன். உடுத்திவிட்ட தங்கை ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் யாரோ கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அது கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டிவிட்டது. பாவம், அவர்மேல் தப்பே இல்லை. முன்பு சொன்ன அம்மாதான் அதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஓரமாக நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, ஓபி என்ற இடுப்புப் பட்டியை அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே வலது கையை மடிப்புக்குள் விட்டுக் காட்டினார்: பார், கை சுலபமாக உள்ளே போகிறதா, அப்படியானால் சரி. ஒரு நிமிடப் பாடம். அந்தப் பெண் இதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். வரிசையில் நின்ற மற்றவர்கள் பொம்மை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், யாரோ கட்டிவிட்டார்கள், படம் எடுத்தார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை நான்கு யுகாதா குறைந்தாலும் பரவாயில்லை, கட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். புடவை கட்டத் தெரிந்த ஊரில் இது பெரிய வித்தை இல்லை.

அப்புறம் என் மேசை. இதில் குற்றவாளி நானே. காலை பத்து மணியிலிருந்து கை வலிக்க வலிக்கப் பெயர் எழுதிக் கொடுத்தேன். வாங்கிய காகிதத்தை விசிறிக்கொண்டு போனார்கள். ஒருவர் கையிலும் மை படவில்லை. படவே நான் விடவில்லை. வரிசை நீளமாக இருக்கிறதே என்ற பதற்றம்.

வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில் நம் பெயர்கள் படும் பாடு ஒரு தனி விருந்து. சொல்லின் கடைசியில் ன் தவிர வேறு மெய்யெழுத்து அங்கே நிற்காது. முருகன் தப்பித்துவிடுவார், கார்த்திக் ‘காருத்திக்கு’ ஆகிவிடுவார். ல, ள, ழ, ர எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. லீலா என்றால் ரீரா. மலர் என்றால் மரரு. தமிழே ‘தமிரு’தான். தன் பெயரை அவரவரே உச்சரித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, தப்பும் தவறுமாக எழுதினால் அந்தச் சிரிப்பு மேசையைச் சுற்றி அரைமணி நேரம் நிற்கும். நான் எழுதிக் கொடுத்ததால் அவர்களுக்குக் கிடைத்தது புரியாத நாலு கோடு.

ஒருவர் மட்டும் நின்றார். காவலாளி அண்ணா. ‘இதுல அ ஆ எப்படிம்மா வரும்?’ என்று கேட்டார். சொன்னேன்: அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அவர் உடனே, ‘நம்ம வரிசைதானே, நடுவுல ப மட்டும் காணோம்’ என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த ஹ முற்காலத்தில் ப என்றுதான் ஒலித்தது. வரிசை ஒன்றாக இருப்பதும் தற்செயல் இல்லை. சமஸ்கிருத மந்திரங்களை ஓத இந்தியாவின் சித்தம் எழுத்தைக் கற்ற ஜப்பானியத் துறவிகள், அந்த ஒலி வரிசையிலேயே தங்கள் எழுத்துகளையும் அடுக்கினார்கள். 806இல் சீனாவிலிருந்து திரும்பிய கூகாய் போன்ற துறவிகள் கொண்டுவந்த படிப்பு அது. ஐந்து வருடம் ஜப்பானிய மொழி படித்துத் தேர்வு எழுதியவர்களில் எத்தனையோ பேர் கவனிக்காததை, பள்ளிக்கூடத்தில் படித்த அ ஆவன்னாவை வைத்து அவர் அரை நிமிடத்தில் பிடித்தார்.

இதனால்தான் உங்கள் பதாகை எனக்கு உறுத்தியது. நுழைவாயிலிலேயே, ‘ஜப்பானிய மொழியின் தாய் தமிழ்’ என்று எழுதி வைத்திருந்தீர்கள். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ பெரிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களும் சென்னைத் தமிழறிஞர்களும் அவருக்குத் துணை நின்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே ‘உங்கள் அம்மா எங்கள் வீட்டுக்காரி’ என்று எழுதி வைத்தால் வருகிறவர் என்ன சொல்வார்? ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்று சொல்வார். ஜப்பானியர் ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்றால் பேச்சை மாற்றுங்கள் என்று அர்த்தம், பன்னிரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். ஓனோவைப் பற்றிச் சொல்லுங்கள், விவாதம் என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே அந்த எழுத்து வரிசையை இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதி, மக்களே விரலால் கோடு போட்டு இணைக்கட்டும்.

சாப்பாட்டுக் கடையில் ஒரு தப்பு நடந்தது. அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. மிசோ சூப் சைவமா என்று ஒரு பெண் கேட்டார். கடையில் இருந்தவர், சோயாவில் செய்வது, சைவம்தான் என்றார். மிசோ சோயாதான். ஆனால் அன்றைக்கு அந்தச் சூப்புக்கு ஊற்றிய தாஷி என்ற சாறு, கத்சுவோபுஷியில் எடுத்தது. நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. அதே சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை மாதிரி காயவைத்துச் சீவுவது. நான் போய்ச் சொல்வதற்குள் அந்தப் பெண் முக்கால் கிண்ணம் குடித்திருந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். இனி கடற்பாசியிலோ காய்ந்த காளானிலோ தாஷி எடுங்கள். புத்த மடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மீன் போட்டால் மீன் என்று எழுதி ஒட்டுங்கள்.

ராமென் என்று இரண்டு நிமிட நூடுல்ஸை விற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பதில் ஒனிகிரி செய்யலாமே. சுடு சோறு, கையில் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு துண்டு ஊறுகாய், முக்கோணமாகப் பிடித்தால் முடிந்தது. அவர்கள் வைக்கும் உமெபோஷி உப்பில் ஊறிய புளிப்புக் காய். நம் நார்த்தங்காய் அந்த இடத்துக்குப் பொருந்தும். பொன்னி அரிசியில் செய்யாதீர்கள், உதிர்ந்துவிடும். ஜப்பானிய அரிசி ஒட்டும் வகை. அது கட்டுப்படியாகாது என்றால் பச்சரிசியைக் கொஞ்சம் குழையவிட்டு, சூடு ஆறுவதற்குள் பிடியுங்கள். வருகிறவர்களே பிடிக்கட்டும், பிடித்ததை அவர்களே சாப்பிடட்டும். கட்டுச்சோறு கட்டித் தந்த பாட்டிகள் யாராவது கூட்டத்தில் இருந்தால் கடையை அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம்.

தங்கமீன் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கொண்டுபோன மீன்கள் எத்தனை மறுநாள் வரை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஜப்பானிலேயே மீனுக்குப் பதில் ரப்பர் பந்தை மிதக்கவிட்டு, அதே காகித வலையால் அள்ளச் சொல்வார்கள். காகிதம் கிழிவதுதான் அந்த விளையாட்டின் ருசி.

காஸ்பிளே, அதாவது கார்ட்டூன் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வருவது, பற்றிப் பேராசிரியர்களிடம் ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டு காஸ்பிளேவை நிறுத்திவிடலாம், அது பண்பாடு இல்லை, கூச்சல் என்று பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் அந்தக் கூச்சல் தலைவலிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு அந்த வளாகத்தில் தன் கையால் ஒன்றைச் செய்துகொண்டு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு பையன் நுரை அட்டையை அயர்ன் பாக்ஸால் சூடாக்கி வளைத்துக் கவசம் செய்திருந்தான். ஒரு பெண் அம்மாவின் பழைய பட்டுப்புடவை பார்டரைக் கிழித்து அங்கியில் தைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ‘இன்னிக்குத் தெரிஞ்சிடும்’ என்றாள். அவர்களை விரட்டாதீர்கள். ஒரு மேசை கொடுங்கள், எப்படிச் செய்தார்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டட்டும்.

இன்னொரு யோசனை. உங்கள் விழா பிப்ரவரி கடைசியில் வருகிறது. மார்ச் 3 ஜப்பானில் ஹினமத்சுரி, பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை வைப்பார்கள். முழு வரிசை என்றால் ஏழு படி, பதினைந்து பொம்மை: மேலே அரசரும் அரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், ஐந்து இசைக்காரர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலர்கள். கீழ்ப்படிகளில் குட்டிக் குட்டிப் பெட்டி, பல்லக்கு. நவராத்திரிக் கொலு வைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருநாள் முடிந்ததும் பொம்மைகளை எடுத்து வைக்காமல் தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இதைச் சொன்னதும் என் அம்மா, ‘அட, நம்ம ஆளுங்கதான்’ என்றார். காகிதத்தில் மடித்தே இந்தப் பதினைந்தையும் செய்யலாம். படிகளை வெறுமையாக வைத்துவிட்டு, வருகிறவர்கள் ஆளுக்கொன்று மடித்து வைக்கச் சொல்லுங்கள். மாலைக்குள் கொலு நிறைந்துவிடும்.

கடைசியாகக் குப்பை. விழா முடிந்து என் தூரிகைகளைக் கழுவ ஒன்பது மணி ஆகிவிட்டது. நீங்கள் எல்லோரும் குழுப்படம் எடுக்கப் போயிருந்தீர்கள். தூய்மைப் பணியாளர் அக்கா இருவர் மட்டும் சூப் கிண்ணங்களையும் மிதிபட்ட காகிதக் கொக்குகளையும் ஈர்க்குமாறால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய வளாகங்களில் நடக்கும் மாணவர் விழாக்களில் சுத்தம் செய்வதும் விழாவின் ஒரு பகுதி. கடை போட்டவர்களேதான் எரிவது, எரியாதது, புட்டி என்று பிரித்துக் கட்டி வைப்பார்கள். அதற்கு அதோகதாசுகே என்று பெயர். கேட்டால் அதோகதி மாதிரி இருந்தாலும் ‘பின்னால் ஒழுங்கு செய்வது’ என்றுதான் பொருள். நிகழ்ச்சி நிரலில் எட்டு மணிக்கு அதையும் ஓர் அங்கமாக அச்சடியுங்கள். அந்த இரண்டு அக்காக்களும் எட்டு மணிக்கு வட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கட்டும்.

அந்த ஜப்பானிய அம்மா பிப்ரவரியில் மறுபடி சென்னை வருகிறாராம், மகன் சொன்னார். புல்தரை கிடைத்ததா இல்லையா என்று ஜனவரி முடிவதற்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். அவரிடம் நான் பதில் சொல்லவேண்டும். என் பழைய தூரிகைகள் பன்னிரண்டு இருக்கின்றன, எடுத்து வருகிறேன். மை சிந்தும், மேசைக்குப் பழைய செய்தித்தாள் நிறைய கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
வேப்பமரத்தடி அக்கா